குண்டு நேராகத்தான் போகிறது

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள், எங்கள் பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில், துப்பாக்கிக் குண்டு எப்படிப் போகும் என்று எனக்கும் ஒரு தேர்வாளருக்கும் தகராறு வந்தது. வயது ஏற ஏறக் கோபம் ஆறிவிடும் என்பார்கள். என் கோபம் அந்த ரகம் இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் பொத்துக்கொண்டுதான் வருகிறது.

முதலில் அந்தக் குண்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போர் விமானத்திலிருந்து சுடும்போது குண்டு எங்கே போகிறது என்று சுடுகிறவனுக்குத் தெரிய வேண்டும். அதற்காகச் சில குண்டுகளின் பின்புறத்தில் மருந்து அடைத்திருப்பார்கள். அது எரிந்துகொண்டே பறக்கும். ட்ரேசர் என்று பெயர். இதை எனக்கு முதலில் சொன்னவர் பட்டாளத்திலிருந்து வந்த என் தாய்மாமா. அவர் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. பனிமலையில் வெறுங்கையால் கரடியை விரட்டினேன் என்பார். கேட்டால் அடுத்த முறை இரண்டு கரடி என்பார். அந்த மனிதர் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை, அஞ்சு குண்டுக்கு ஒன்றுதான் எரியும், மீதி நாலு கண்ணுக்குத் தெரியாது என்பது. அதையும் நான் நம்பாமல் புத்தகத்தில் தேடிப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

மூன்றாம் ஆண்டில் நானும் என் தோழியும் காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போவோம். அங்கே விமானச் சண்டை கேம் ஒன்று இருந்தது. அதன் அட்டையில் நிஜம் போலவே என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். சுடும் பொத்தானை அழுத்தினால் விமானத்தின் மூக்கிலிருந்து இரண்டு சிவப்புக் கோடுகள் டியூப்லைட் மாதிரி நீண்டு நிற்கும். விமானம் திரும்பினால் கோடும் விறைப்பாகக் கூடவே திரும்பும். கையிலிருக்கும் டார்ச் லைட்டைத் திருப்புவது போல. எனக்கு எரிச்சலாக இருந்தது. வெளியே போன குண்டுக்கும் விமானத்துக்கும் அப்புறம் என்ன சம்பந்தம்? கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போயிற்று?

எனக்கு இது உறுத்தியதற்குக் காரணம் உண்டு. என் அப்பா அவிநாசி ரோட்டில் ஒரு வாட்டர் சர்வீஸில் லாரி கழுவினார். எங்கள் தாத்தா காலம் வரை பண்ணைக் காட்டில் கூலி வேலை. அப்பாதான் முதலில் டவுனுக்கு வந்தவர். பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கே போய் அப்பாவுக்காகக் காத்திருப்பேன். பிரஷர் ஓஸை அவர் லாரியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வீசும்போது தண்ணீர் அரிவாள் போல வளைந்து நிற்கும். ஆனால் எந்தத் துளியும் பக்கவாட்டில் வளைந்து போவதில்லை. ஒவ்வொன்றும் கிளம்பிய திசையிலேயே போகிறது. ஓஸின் வாய்தான் நகர்கிறது. அதனால் துளிகளின் வரிசை வளைந்து தெரிகிறது. குண்டுக்கும் இதே கதைதான். விமானம் வலப்பக்கம் திரும்பிக்கொண்டே சுட்டால், முன்னால் போன குண்டுகள் பழைய திசையில் போய்க்கொண்டிருக்கும், புதியவை புதிய திசையில் கிளம்பும். விமானியின் கண்ணுக்கு அந்த ஒளிப்புள்ளிகள் வளைந்து விலகிப் போவதாகத் தெரியும்.

கடைசி வருடம் புராஜெக்ட் வந்தபோது, அந்த கேமை ஒரு கை பார்ப்பது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். சின்னதாக ஒரு விமானச் சண்டை; ஆனால் குண்டு மட்டும் உண்மையாகப் போக வேண்டும். எங்களுக்கு வழிகாட்டியாகப் போட்டிருந்த லெக்சரர் நல்ல மனிதர், பயந்தவர். பொம்பளப் பிள்ளைகளுக்கு எதற்குக் குண்டும் துப்பாக்கியும், லைப்ரரிக்கு ஒரு புரோகிராம் பண்ணுங்களேன் என்றார். வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள். செய்தார்கள் என்று சொல்வது அதிகம். கிராஸ்கட் ரோட்டில் ரெடிமேட் துணி வாங்குவது போலப் புராஜெக்ட்டும் வாங்கலாம். லைப்ரரி, ஆஸ்பத்திரி, சம்பளப் பட்டியல், எது வேண்டுமானாலும் பைண்டு போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

என் தோழி சென்னிமலைக்காரி. வீட்டில் தறி. நான் பத்து வார்த்தை பேசினால் அவள் ஒன்று பேசுவாள், அதற்கும் ஒரு 'ங்க' சேர்த்துப் பேசுவாள். அவளுக்குப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது, முதல் வகுப்பு வந்தால் மட்டும் என்ற நிபந்தனையோடு. வராவிட்டால் வீட்டில் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். இரண்டாம் ஆண்டில் மஞ்சள் காமாலையில் படுத்ததால் அவள் மதிப்பெண் விளிம்பில் நின்றது. புராஜெக்ட் மார்க்கை நம்பித்தான் அவள் இருந்தாள். இது எங்கள் லெக்சரருக்கும் தெரியும்.

குண்டு கிளம்பும்போது விமானம் எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அந்தத் திசையை அந்தக் குண்டு தன்னிடமே வைத்துக்கொள்ளும்படி எழுதியவள் அவள்தான். ஒரே ஒரு வரி. ஆனால் அந்த வரிக்கு வந்து சேர அவள் பட்ட பாட்டை நான் அறிவேன். முதல் தடவையாகத் திரையில் புள்ளிகள் இடைவெளி விட்டுப் பறந்து, திருப்பத்தில் வளைந்து விலகியபோது, அப்பாவின் ஓஸைப் பார்த்தது போலவே இருந்தது. நான் கத்திவிட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தேர்வு நாளன்று வேறு கல்லூரியிலிருந்து தேர்வாளர் வந்தார். சம்பளப் பட்டியல்களை எல்லாம் மடமடவென்று பார்த்து, ஆளாளுக்கு மார்க்கை அள்ளிக் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்தார். நான் விமானத்தைத் திருப்பிச் சுட்டுக் காட்டினேன். அவர் முகம் மாறியது. குண்டு ஏன் வளைகிறது என்று கேட்டார். விளக்கினேன். நடுவில் ஏன் இடைவெளி என்றார். அஞ்சில் ஒன்றுதான் எரியும் என்றேன். புரோகிராமில் ஏதோ பிழை, ஒரு பக், மீதி நாலும் அதில் காணாமல் போய்விட்டன என்று அவரே தீர்ப்புச் சொன்னார். எதிரி விமானம் கண்ணுக்குத் தெரியாத குண்டு பட்டு விழுந்தது. எதுவுமே தொடாமல் விழுகிறதே, இது இன்னொரு பக் என்றார்.

இதற்குமேல் வாயால் சொல்லிப் பயனில்லை என்று எனக்குத் தோன்றியது. லேப் வராந்தாவுக்கு வெளியே ஓர் அக்கா குரோட்டன்ஸ் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் வந்து பாருங்கள் என்று தேர்வாளரைக் கூப்பிட்டேன். வந்தார், அதுவரை நல்லவர். அக்காவிடம் ஓஸைக் கேட்டு வாங்கி, வாயைக் கட்டைவிரலால் அழுத்தி இடமிருந்து வலமாக வீசினேன். தண்ணீர் அழகாக வளைந்தது. துளி நேராகத்தான் போகிறது, வரிசைதான் வளைகிறது என்றேன். வீச்சின் கடைசி கொஞ்சம் அவர் ஷூவின் மேலும் பட்டுவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. வருத்தப்பட்டேன் என்றும் சொல்ல மாட்டேன்.

அவர் ஷூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சொன்னதைத்தான் என்னால் இன்றைக்கும் செரிக்க முடியவில்லை.

"தண்ணியும் குண்டும் ஒண்ணா அம்மணி? எங்க ஊட்டுல பையன் ஒரு கேம் வெச்சிருக்கறான். அதுல கோடு நேரா, விடாம இருக்குது. அட்டையிலயே நிஜம்னு போட்டிருக்குது."

எந்தப் பொய்யைத் திருத்துவதற்காக நாங்கள் ஆறு மாதம் உழைத்தோமோ, அந்தப் பொய்தான் அவருக்கு அளவுகோல். கல்லூரியில் இயக்கவியல் படித்தவர், சொல்லியும் கொடுத்தவர். எறிந்த பொருள் எப்படிப் போகும் என்று கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பார். அத்தனையும் ஓர் அட்டைப்பெட்டியின் முன்னால் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்களையாவது மன்னிக்கலாம், அவர்கள் முயலைப் பிடித்தாவது இருக்கிறார்கள். இவர் முயல் படத்தை அல்லவா பிடித்துக்கொண்டிருந்தார்.

குண்டு வளைவதை மட்டுமாவது சரி செய்து சாப்பாட்டுக்கு அப்புறம் காட்டினால் கையெழுத்துப் போட்டு நல்ல மார்க் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். லெக்சரர் எங்களிடம் வந்து, ஒரு வரிதானே, மாற்றிப்போட்டு வந்துவிடுங்கள் என்று குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார். கெஞ்சும்போது அவர் பார்த்தது என் தோழியை.

எனக்கு மட்டும் என்றால் நான் அந்த இடத்திலேயே சண்டைக்கு நின்றிருப்பேன். என் மார்க்குக்கு ஆபத்தில்லை. ஆனால் என் வீராப்புக்கு அவள் எதற்குப் பெங்களூரை விட வேண்டும்? சாப்பாடு முடிந்து அவர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது, நான் அந்த வரியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். இதோ ஒரு நிமிஷம் சார், உங்கள் கண் முன்னாலேயே மாற்றிவிடுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். கீபோர்டின் மேல் இருந்த என் கையை அவள் எடுத்து என் மடியில் வைத்தாள்.

"மாத்தறதுக்கு ஒரு நிமிசங்கூட ஆகாதுங்க சார். ஆனா மாத்த மாட்டோமுங்க. குண்டு கிளம்புனதுக்கு அப்புறம் ப்ளேன் திரும்புனா, அது குண்டுக்குத் தெரியாதுங்க. மார்க்கு உங்க கையில இருக்குதுங்க. நீங்க குறைச்சுக்கோங்க."

குரல் உயரவில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றட்டுமா என்று கேட்பது போலத்தான் கேட்டது. தேர்வாளர் லெக்சரரைப் பார்த்தார். லெக்சரர் மின்விசிறியைப் பார்த்தார். தேர்வாளர் பேனாவைத் திறந்தார்.

எனக்கு முதல் வகுப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. பெங்களூர் கடிதம் செல்லாமல் போயிற்று. அந்த வருடம் சிறந்த புராஜெக்ட் என்று துறையில் பரிசு வாங்கியது ஒரு சம்பளப் பட்டியல். அதை வாங்கிய கடையில் இன்னும் இரண்டு பேர் அதையே வாங்கியிருந்தார்கள். பரிசளிப்பில் நான் கை தட்டவில்லை. அவள் தட்டினாள். ஏன்டீ தட்டுகிறாய் என்று கேட்டதற்கு, அதிலே சம்பளக் கணக்காவது சரியாக இருக்கிறதே என்றாள். கல்யாணம் அவள் சம்மதத்தோடு நடந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அவளே இதுவரை அப்படிச் சொன்னதில்லை.

இத்தனைக்கும் மேலாக ஒன்று உண்டு. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். தேர்வு நாளன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் கல்லூரி வாசலில் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். தேர்வாளரை ரயிலடிக்குக் கொண்டுபோகும் கல்லூரி ஜீப் எங்களைத் தாண்டிப் போய் நின்றது. அவர் தலையை நீட்டி எங்களைக் கூப்பிட்டார். மனசு மாறிவிட்டதோ என்று ஓடினேன்.

அவருடைய பையன் விமானச் சண்டை என்றால் உயிரை விடுவானாம். எங்களுடையதை ஒரு ஃப்ளாப்பியில் கொடுக்க முடியுமா என்று சிரித்த முகமாகக் கேட்டார்.

எனக்கு வசவு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் அவள் பையைத் திறந்து, எங்களிடம் இருந்த ஒரே மாற்றுப் பிரதியை எடுத்து, ஜன்னல் வழியாகப் பணிவாக நீட்டினாள்.

"கொண்டுபோங்க சார். பையன் ஓட்டிப் பாத்துப்போட்டு, குண்டு ஏன் வளையுதுன்னு கேப்பானுங்க. நீங்களே சொல்லிக் குடுத்துருங்க."

 அவர் ஃப்ளாப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எங்கள் மார்க் ஏற்கெனவே உறைக்குள் போய், அரக்கு வைத்து, அவர் மடியில் இருந்தது.