உளி லேபிளின் வயது

பொம்மிடியில் தபால் கொடுக்கும் பானுமதிக்குப் பழைய உளி, ரம்பங்களின் லேபிள்களைச் சேர்ப்பதில் தீராத ஆசை. முகவரியைப் பார்த்தே காலத்தைச் சொல்லிவிடுவாள். பின்கோடு இல்லையென்றால் 1972க்கு முந்தியது. அரூருக்குச் சேலம் ஜில்லா என்று போட்டிருந்தால், ஜில்லா பிரிந்த 1965க்கும் முந்தியது.

அரூரில் சின்னப்பையனின் உளிப் பட்டறையில் ஓர் உளியின் மேல் அப்படியொரு லேபிள் கண்ணில் பட்டது. ஆசையாக நோட்டில் '1965க்கு முன்' என்று குறித்துக்கொண்டாள்.

"இந்த உளிக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும்ங்க."

"எங்கப்பா மூட்டை மூட்டையா அச்சடிச்சு வெச்சுட்டாருங்க" என்ற சின்னப்பையன், அப்போதுதான் பிடி போட்ட புது உளியில் பசை தடவி அதே லேபிளை ஒட்டினார். "இன்னும் தீரலைங்க."

பானுமதி எழுதியதை அடித்துவிட்டு அன்றைய தேதியைப் போட்டாள். பிறகு நோட்டின் முதல் பக்கத்துக்குப் போய், ஒவ்வொரு வருடத்துக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போடத் தொடங்கினாள்.