ஜெராக்ஸ் கடையில் கிடைத்த என் குடும்பம்

என் இடது கண் கறுப்பு. வலது கண் வெளிர் நீலம். பார்வையில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை, பார்க்கிறவர்களுக்குத்தான் வித்தியாசம். வேறு ஊராக இருந்தால் பூனைக்கண் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருப்பார்கள். நான் பிறந்தது புதுச்சேரியில். இங்கே ஒருவனுக்குக் கண் நீலமாக இருந்தால் எல்லோருக்கும் ஒரே காரணம்தான் தோன்றும். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிப் போய் எத்தனையோ வருஷம் கழித்துப் பிறந்தவன் நான் என்ற கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

அம்மா வீராம்பட்டினத்தில் கருவாடு காயப்போடும் வேலைக்குப் போனாள். குழாயடியில் பெண்கள், "வெள்ளைக்கார முசியே எப்ப வந்து கூட்டிக்கினு போறாராம்?" என்று கேட்பார்கள். அம்மாவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. அந்தக் காதை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு குடத்தை நிரப்புவாள். அப்பா யாரென்று எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கிற வயது வருவதற்குள் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் போய்விட்டது.

பிறகு லாரி கிளீனர், கல்யாண சமையலில் அண்டா கழுவுதல், திருப்பூரில் பனியன் மூட்டை, ஆந்திராவில் இறால் பண்ணைக் காவல். எங்கேயும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. கடைசியில் ஊருக்கே திரும்பி, மூலக்குளத்தில் பாதி கட்டிய வீடொன்றில் வாட்ச்மேனாகப் படுத்திருந்தபோது பாதத்தில் ஆணி குத்திச் சீழ் பிடித்தது. பஸ் ஏறி ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பாதத்தைப் பார்க்கக் குனிந்த சின்ன டாக்டர் தற்செயலாக நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தார். அதோடு பாதம் மறந்துபோயிற்று. ஓடிப்போய் நான்கு பேரைக் கூட்டி வந்தார். ஐந்து பேரும் கண்ணில் டார்ச் அடித்து முடித்த பிறகு, கட்டுப் போட வேண்டும் என்பதை நான்தான் ஞாபகப்படுத்தினேன்.

வெளியே வரும்போது வார்டு அட்டெண்டர் பிடித்துக்கொண்டார். டாக்டர் பரீட்சை நடக்கும்போது மாணவர்கள் சோதித்துப் பார்க்க நோயாளிகளைத் திரட்டித் தருவது அவர் பொறுப்பு.

"யோவ் நீலக்கண்ணு, எக்ஸாமுக்குக் கேஸா வர்றியா? கட்டில்ல சும்மா படுத்துக்கினு இருக்கணும். பசங்க கேள்வி கேப்பாங்க. மத்தியானம் சாம்பார் சாதம், முட்டை."

"எனக்கு நோய் ஒண்ணும் இல்லியே."

"அதான்யா வசதி. நோய் இருக்கிறவன் கரெக்டா பரீட்சை அன்னிக்குப் பார்த்து குணமாயிடறான்."

அவர் பல வருஷம் ரெக்கார்டு ரூமில் இருந்தவர். என் கண்ணின் காரணத்தை அவர்தான் எனக்கு விளங்க வைத்தார். உடம்பில் ஒவ்வொரு அணுவுக்குள்ளும் ஒரு ரெக்கார்டு ரூம் இருக்கிறது. அதில் இருபத்து மூன்று ரேக். ஒவ்வொரு ரேக்கிலும் இரண்டு கட்டு. ஒன்று அப்பன் கொடுத்தது, ஒன்று ஆத்தா கொடுத்தது. "ரூம்ல எல்லா ஃபைலும் இருக்கும். ஆனா கண்ணு வார்டு கண்ணு ஃபைலை மட்டும்தான் பிரிக்கும், காது வார்டு காது ஃபைலை. உன் கட்டுல ஒரு பேப்பர்ல எழுத்து மாறிப்போச்சு. இன்னொரு கட்டு சரியா இருந்தும் தப்பான பேப்பர்தான் ஜெயிச்சிருக்கு. எங்க ஆபீஸ் மாதிரியே."

முதல் பரீட்சையில் வந்த மாணவன் என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டு ஒரு படம் வரைந்தான். ஆண் என்றால் கட்டம், பெண் என்றால் வட்டம், இந்தக் கோளாறு இருப்பவர்களுக்கு உள்ளே கறுப்பு மை. அம்மாவின் வட்டத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தான். ஏன் என்று கேட்டேன். இறந்துவிட்டார்கள் என்று அர்த்தமாம். அப்பா கட்டத்தில் கேள்விக்குறி. கீழே நான். அவ்வளவு பெரிய தாளில் அவ்வளவுதான். பார்க்க என்னவோ போல் இருந்தது.

அடுத்து வந்தவனுக்கு ஒரு சித்தப்பாவைக் கொடுத்தேன். அவன் முகம் மலர்ந்தது. உடனே இன்னொரு சித்தப்பாவையும் கொடுத்து, அவருக்குக் காது கேட்காது என்றேன். மத்தியானம் கடலூரில் ஓர் அத்தை பிறந்தாள். அடுத்த பரீட்சையில் மூத்த சித்தப்பா அந்த அத்தையின் மகளையே கட்டிக்கொண்டார். சொந்தத்தில் கல்யாணம் என்றால் படத்தில் இரட்டைக் கோடு போடுவார்கள். அதைப் போடும்போது மாணவர்களுக்கு வரும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். சில நாள் கோளாறு அப்பா வழியில் வந்தது, சில நாள் தாய்மாமன்களுக்கு மட்டும் வந்தது. சாம்பார் சாதத்துக்கு என்னால் முடிந்த உழைப்பு.

அப்படி ஒரு நாள்தான் ஒரு மாணவி பரீட்சைக்கு வந்தாள். அது அவளுக்கு இரண்டாவது முயற்சி. அவளிடம் அப்பா வழிக் கதையைச் சொன்னேன். பிறகு எக்ஸாமினர் என்னையே நேரில் கேட்டபோது, எந்தக் கதையைச் சொன்னேன் என்பது மறந்து தாய்மாமன் கதையைச் சொல்லிவிட்டேன். நோயாளியிடம் ஒழுங்காக விசாரிக்கத் தெரியவில்லை என்று அவளை ஃபெயில் ஆக்கிவிட்டார்கள். போகிறபோது என்னைப் பார்த்து, "பரவாயில்லண்ணா" என்றாள். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அடுத்த ஆறு மாதமும் நான் ஊரை விட்டுப் போகவில்லை, அட்டெண்டரைப் பார்க்க அடிக்கடி வார்டுக்குப் போய்வந்தேன். அவளோடு படித்தவர்கள் எல்லாம் அதே வார்டில் டாக்டராக நின்று, "அந்த ட்ரேயை எடு" என்று அவளை வேலை வாங்குவதைப் பார்த்தேன். மூன்றாவது முறையும் ஃபெயிலானால் அவள் இன்னும் ஆறு மாதம் ட்ரே எடுக்க வேண்டும். இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பரீட்சை நாளில் காலையில் வந்த இரண்டு பேர் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. நாடியைப் பிடித்துக்கொண்டே மளமளவென்று பதினோரு பேரை வரைந்துவிட்டுப் போனார்கள். மூன்றாவதாக அவள் வந்தாள்.

"எழுதிக்கம்மா. எனக்கு அம்மா மட்டும்தான். அப்பா யாருன்னு தெரியாது. வேற யாரும் கிடையாது."

அவள் பேனாவை மூடிவிட்டாள். "அண்ணா, மறந்துட்டீங்க. உங்களுக்கு ரெண்டு சித்தப்பா."

"சித்தப்பாவே இல்லம்மா."

"இருக்காரு அண்ணா. அத்தை பொண்ணைக் கட்டிக்கினவரு."

"கட்டி வச்சதே நான்தான்."

"அப்ப கடலூர் அத்தை?"

"அவங்களும் அப்படித்தான். உனக்கு யாரு சொன்னது இதெல்லாம்?"

கேட் எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் 'நீலக்கண் கேஸ்' என்று ஒரு தாள் கிடைக்கிறதாம். சீனியர்கள் வரைந்தது. என் குடும்பம் பதினோரு பேரும் அதில் இருக்கிறார்கள். ஆறு மாதமாக மனப்பாடம் செய்திருக்கிறாள். ஒரே நிமிஷத்தில் ஒன்பது பேரைப் பறிகொடுத்தவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவள் முகம்.

 பிறகு தாளைத் திருப்பிப் போட்டாள். "சரி. அம்மாவுக்குக் கண்ணு எப்படி?"

"ரெண்டும் கறுப்பு."

"காது?"

"இடது காது கேக்காது. பொறந்ததுலேர்ந்தே."

பேனா திறந்தது. "முடி?"

"கறுப்புதான். நெத்திக்கு மேல ஒரு கொத்து மட்டும் ஆரஞ்சு. மருதாணி அரைச்சுத் தடவிக்குவாங்க. தலை முழுக்கத் தடவுனாலும் அந்த ஒரு கொத்துலதான் புடிக்கும்."

"வயசானப்புறமா?"

"வயசாவவே இல்லியேம்மா. நான் கைக்குழந்தையா இருக்கறப்பவே அதைப் புடிச்சி இழுப்பேனாம்."

அவள் நாற்காலியை இழுத்து அருகில் போட்டுக்கொண்டாள். "அண்ணா, கறுப்பு முடியில மருதாணி தெரியாது. வெள்ளை முடியிலதான் ஆரஞ்சா ஆவும். உங்கம்மாவுக்கு அங்க வெள்ளைக் கொத்து இருந்திருக்கு. அதை மறைச்சிருக்காங்க. காது, முடி, கண்ணு மூணும் ஒரே ஜீன்தான். அவங்களுக்குக் காதுலயும் முடியிலயும் காட்டிச்சு, உங்களுக்குக் கண்ணுல காட்டுது. உங்க கண்ணு அம்மா குடுத்தது."

"அப்ப வெள்ளைக்காரன்?"

"எந்த வெள்ளைக்காரன்?" என்றாள், தலை நிமிராமல் எழுதிக்கொண்டே.

குழாயடிப் பெண்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று யோசித்தேன். பாதிப்பேர் செத்திருப்பார்கள்.

எக்ஸாமினர் வெளியூர்க்காரர், பெரிய மீசை. தாளைப் பார்த்தார். கறுப்பு மை போட்ட வட்டம், குறுக்குக் கோடு, கேள்விக்குறி, நான்.

"இவ்வளவுதானா? காலைல ரெண்டு பேரு பெரிய குடும்பமா வரைஞ்சாங்களே. ரெண்டும் அச்சு அசலா ஒரே மாதிரி."

அவள் தாளைத் தொட்டுக் காட்டினாள். "இவர் சொன்னது இவ்வளவுதான் சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா, எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு சார். அதுல ஒருத்தர் இல்ல."

"ரெண்டு பேரை வெச்சிக்கினு இது டாமினன்ட், ஒருத்தர்கிட்டேர்ந்து வந்தாலே போதும்னு எப்படிம்மா சொல்ற?"

"உறுதியா சொல்ல முடியாது சார். ஒத்துப்போவுதுன்னு மட்டும்தான் சொல்லலாம். கேக்காத ஒரு காதும் மருதாணியும்தான் சார் கையில இருக்கு."

"மருதாணியா?" என்று கேட்டவர் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கேட்டார். மணி அடித்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

அவள் பாஸ் ஆகிவிட்டாள். இப்போது ட்ரேயை வேறு யாரோ எடுக்கிறார்கள். அட்டெண்டருக்குத்தான் வருத்தம். "நல்லா இருந்த குடும்பத்தை நாசம் பண்ணிட்டியேயா" என்கிறார்.

ஜெராக்ஸ் கடையில் பழைய தாள் இன்னும் தீரவில்லை. போன பரீட்சையில் ஒரு பையன் வந்து உட்கார்ந்து படத்தை வரைந்ததும், "அண்ணா, அத்தை பொண்ணைக் கட்டின சித்தப்பா நல்லா இருக்காரா?" என்று அக்கறையாக விசாரித்தான்.

"தவறிட்டார் தம்பி."

"எப்பண்ணா?"

"போன எக்ஸாம்ல."

அவன் ஸ்கேலை எடுத்து, சித்தப்பாவின் கட்டத்தின் மேல் மெதுவாக ஒரு குறுக்குக் கோடு இழுத்தான்.