அவர் டிக்கெட் வாங்கிவிட்டார்

விளாங்குடியில் பஸ் நிற்கிறது. கொதித்துப்போன ரேடியேட்டருக்கு டிரைவர் தண்ணீர் ஊற்றுகிறார். எல்லோரும் வேப்பமர நிழலுக்கு இறங்கிவிட்டார்கள். என்னால் மட்டும் இறங்க முடியவில்லை. பக்கத்து சீட்டுப் பெரியவரின் தலை என் தோளில் கிடக்கிறது. "ஐயா, ஐயா" என்று உலுக்கியும் அசைவில்லை.

ஜன்னல் வழியாகக் கண்டக்டரை அழைக்கிறேன். "அண்ணே, இவரைக் கொஞ்சம் பாருங்களேன்."

அவர் கீழே நின்றபடியே எட்டிப் பார்க்கிறார். "அவரு அப்பவே டிக்கெட் வாங்கிட்டாருண்ணே."

ஒருவர் டிக்கெட் வாங்கிவிட்டார் என்றால், எங்கள் சென்னைத் தெருவில் அடுத்து மாலை வாங்கத்தான் ஆள் அனுப்புவார்கள். அதை இவ்வளவு சாவகாசமாகச் சொல்கிறாரே இந்த மனுஷர்!

தோளில் கிடந்த தலை மெல்ல நிமிர்கிறது.

"ஏறுனதுமே வாடிப்பட்டிக்கு வாங்கிட்டேன்ப்பா," என்று பெரியவர் சட்டைப் பையிலிருந்து கசங்கிய டிக்கெட்டை எடுத்து நீட்டுகிறார். "இம்புட்டு உலுக்கு உலுக்குறியே, நீ என்ன செக்கரா?"

போன மூச்சு எனக்குத் திரும்பி வருகிறது. எல்லோரும் ஏறுகிறார்கள்.

"எல்லா டிக்கெட்டும் ஏறிருச்சா மாப்ள?" என்கிறார் டிரைவர்.

கண்டக்டர் தலைகளை எண்ணிவிட்டு விசிலை எடுக்கிறார்.

"ஒரு டிக்கெட்டும் குறையல, போண்ணே!"