சந்தனச் சுங்கான்

உனக்கு வேறு வேலை இல்லையா, பிள்ளை? இந்த ஊதுபத்தி வாசத்தில் புகையிலை மணம் ஒன்று குறைகிறது என்று நான் வாய்தவறிச் சொன்னது உண்மைதான். அதற்காக இப்படிக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து இருக்க வேண்டுமா? சந்தனத்துக்கும் புகையிலைக்கும் என்ன தொடர்பு என்று அறிந்து நீ என்ன செய்யப் போகிறாய்? அடுத்தவர் வீட்டுக் கதை என்றால் தேத்தண்ணி ஆறுவதுகூட உனக்குத் தெரியாது. முதலில் அதைக் குடி.

ஊதுபத்தி பேத்தி காலி வீதியில் வாங்கி வந்தது. பெட்டியில் சந்தனம் என்று போட்டிருக்கிறதாம். வெள்ளவத்தையில் இந்த அடுக்குமாடி உயரத்தில் கொளுத்தினால் பாதியைக் கடற்காற்று கொண்டுபோகிறது. மீதி சவர்க்காரம் போல மணக்கிறது. நான் அறிந்த சந்தனம் இப்படியில்லை. நான் அறிந்த சந்தனம் கொஞ்சம் இருமும்.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்தோம். பழைய மாடி வீடு. கீழே வீட்டுக்காரி சொர்ணமக்கா. மேலே ஓர் அறையும் ஒரு குசினியுமாக நாங்கள். இவர் இரும்புச் சாமான் கடையில் நின்றார். நான் தேயிலைப் பெட்டி ஒட்டப் போனேன். என் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. வாத்தியாருக்கும் எனக்கும் ஒரே நாளில் அலுத்துவிட்டது. பெட்டி ஒட்ட எழுத்து வேண்டாம், பசை போதும்.

மூத்தவன் தவழத் தொடங்கியிருந்தான். அவனைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து மாமி வந்தார், இவருடைய தாய். மாமி பிள்ளையைப் பார்த்தால்தான் நான் வேலைக்குப் போகலாம். நான் வேலைக்குப் போனால்தான் அந்த அறையில் இருக்கலாம். ஆகவே மாமியைக் கோபிக்காமல் வைத்திருப்பது என் பக்தியில் சேர்ந்த விஷயமல்ல, பிழைப்பில் சேர்ந்தது.

மாமிக்கு ஒரேயொரு பழக்கம். சுருட்டு. மூக்கைச் சுளிக்காதே, அந்தக் காலத்தில் எங்கள் ஊர்க் கிழவிகள் பலர் பிடித்தவர்கள்தான். ஆனால் சொர்ணமக்கா அறையைத் தரும்போதே சொல்லியிருந்தார்.

"இது சுவாமி இருக்கிற வீடு, பிள்ளை. மீன் காய்ச்சலாம், வெள்ளிக்கிழமை வேண்டாம். பீடி, சிகரெட், சுருட்டு ஒண்டும் வாசல் தாண்டக் கூடாது. மணந்தால் அண்டைக்கே சாமானைத் தூக்க வேண்டியதுதான். இது அப்பா மாத்தறைப் பக்கம் வியாபாரம் செய்து கட்டின வீடு."

என்ன வியாபாரம் என்று அவர் சொல்லவில்லை. அறை தருகிறவர்களிடம் யார் அதையெல்லாம் கேட்கிறார்கள்?

சுருட்டில்லாமல் மாமி சில நாள் தாக்குப்பிடித்தார். பிறகு தேத்தண்ணியில் சாயம் இல்லை, தலையணையில் பஞ்சு இல்லை, கொழும்புக் காகத்துக்கு மரியாதை இல்லை என்று எல்லாவற்றிலும் குற்றம் கண்டார்.

"எடி பிள்ளை, ஒரு இழுவை இல்லாட்டி எனக்கு வயிறு வேலை செய்யாது. நான் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கோச்சி ஏறுறன்."

"அம்மா, சொர்ணமக்கா அறிஞ்சா நாங்கள் ரோட்டில" என்றார் இவர்.

"அப்ப நீ ரோட்டில இரு. நான் ஊரில இருக்கிறன்."

சுருட்டின் தொல்லை என்னவென்றால், ஒருமுறை பற்றவைத்தால் வீடு முழுவதும் சாட்சி சொல்லும். அதோடு மாமிக்குக் கடித்துப் பிடிக்கப் பல்லும் இல்லை. எனக்குத் துறைமுகப் பக்கம் நடந்து திரியும் கப்பல்காரர்களின் ஞாபகம் வந்தது. வாயில் புகைபிடிக்கிற ஒரு சுங்கான், அதன் குழிக்குள் ஒரு கிள்ளுப் புகையிலை. நாலு இழுவை, சாம்பலைத் தட்டிக் கொட்டிவிட்டு நடை. அப்படி ஒன்றைச் செய்தால் காரியம் சுருக்கமாக முடியுமே.

முதலில் குட்டிச் சிரட்டை ஒன்றில் ஓட்டை போட்டுப் பப்பாசி இலைத் தண்டைச் செருகினேன். தண்டு பிறப்பிலேயே குழாய், ஆகவே என்னை நானே கெட்டிக்காரி என்று மெச்சிக்கொண்டேன். மத்தியானத்துக்குள் அது அவித்த கீரை மாதிரித் தொங்கிவிட்டது. சிரட்டையோ சூடேறி மாமியின் உதட்டைச் சுட்டது.

"எடியே, உயிரோட கொள்ளி வைக்கப் பாக்கிறியோ?"

நல்ல இறுக்கமான மரம் வேண்டும். சுற்றிப் பார்த்தேன். சுவாமித் தட்டில் என் அம்மா கலியாணத்துக்குத் தந்த சந்தனக்கட்டை இருந்தது. கைக்குள் அடங்கும் குட்டிக் கட்டை. நான் பிள்ளையாரைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் தாய் இருக்கிறார்தானே, பெரியவர்களின் தொல்லை தெரிந்திருக்கும்.

இவரின் கடையிலிருந்து பழைய சைக்கிள் கம்பி ஒன்று வாங்கி, மண்ணெண்ணெய் அடுப்பில் சிவக்கக் காய்ச்சினேன். கட்டையின் தலையில் அதை வைத்துச் சுட்டுச் சுட்டு, கரியைப் பேனாக்கத்தியால் சுரண்டிச் சுரண்டி, பெருவிரல் போகுமளவு குழி எடுத்தேன். பக்கத்திலிருந்து குழியின் அடி வரைக்கும் கம்பியாலேயே ஒரு துளை. அது நேராகப் போக வேண்டும். கொஞ்சம் மேலே போனாலும் அடிப் புகையிலை எரியாது. குழாய்க்கு, கொல்லையில் உடுப்புக் காயப்போடும் மூங்கிலின் நுனியை வெட்டினேன். சொர்ணமக்காவின் மூங்கில்தான், சாண் நீளம் குறைந்ததை அவர் கவனிக்கவேயில்லை. கணுக்களையும் கம்பியால் துளைத்தேன். குழிக்குள் சீனிப்பாகு தடவி ஒருமுறை எரித்தேன், மரம் பற்றாமல் ஒரு கரித்தோல் பிடிக்க வேண்டும் என்று. கடைசியில் உரைகடதாசியால் தேய்த்துத் தேங்காய் எண்ணெய் பூசினேன்.

ஆனால் ஒன்றை நான் யோசிக்கவில்லை. சந்தனத்தில் சிவந்த கம்பியை வைத்தால் என்ன ஆகும்? தெருவே மணந்தது. பக்கத்து வீட்டு சீலாவதி அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஹரி சுவந்தை நே!" என்றார் சிங்களத்தில். நல்ல வாசமாம். சொர்ணமக்கா படி ஏறி வந்துவிட்டார்.

"என்ன பிள்ளை, வீடு கோயில் மாதிரி மணக்குது?"

நான் சுங்கானைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு சொன்னேன்: "மாமி பூசை தொடங்கியிருக்கிறா அக்கா."

அதன்பிறகு எல்லாம் சுகம். மாமி ஒரு கிள்ளுச் சுருட்டை உதிர்த்துப் போட்டு, யன்னலோரம் இருந்து நாலு இழுவை இழுப்பார். சந்தனமும் புகையிலையும் கலந்து ஒரு மணம் வரும். நான் அதற்கு மேலே சாம்பிராணி போடுவேன். கோச்சிக் கதை நின்றது. மாமியின் மடியில் மூத்தவன் கொழுத்தான்.

ஆனால் பக்தி ஒட்டும் வியாதி. வெள்ளிக்கிழமை சொர்ணமக்கா வாழைப்பழமும் கற்பூரமுமாக மேலே வந்தார், தானும் பூசையில் சேர. செவ்வாயும் வந்தார். பிறகு நாள்தோறும் பின்னேரம் வந்து இருந்து தேவாரம் பாடினார், அதுவும் ஆறுதலாக. மாமிக்கு இழுக்க நேரமே இல்லை.

"பூசையே பூசை! சுவாமிக்கு மட்டும் புகை, எனக்கு ஒண்டுமில்லை. பையைக் கட்டுறன், பிள்ளை."

கட்டியும்விட்டார். அந்த வெள்ளிக்கிழமை, பை கதவடியில் இருக்க, சொர்ணமக்கா நான் பூசைக்கு வாங்கி வைத்திருந்த சந்தனத்தூள் பொட்டலத்தை ஒதுக்கி வைத்தார்.

"இந்தத் தூள் வேண்டாம். அண்டைக்குத் தெருவெல்லாம் மணந்ததே ஒரு கட்டை, அதைத் தா. நானே அரைக்கிறன்."

கட்டையை ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்று சொல்ல வாயெடுத்தேன். மாமி என்னைப் பார்க்கவேயில்லை. சொர்ணமக்காவுக்கு முதுகைக் காட்டி மடியிலிருந்து சுங்கானை எடுத்தார். குழாயைக் கழற்றித் தலையணைக்குக் கீழே வைத்தார். கட்டையை மட்டும் குழி கீழே பார்க்க நீட்டினார்.

"இந்தா தங்கச்சி. கவனம், கொஞ்சம் சூடு."

சொர்ணமக்கா கல்லில் தண்ணீர் தெளித்து இரண்டு சுற்று அரைத்தார். நிறுத்தினார். கட்டையைத் திருப்பிக் குழிக்குள் பார்த்தார். முதலில் பிள்ளையைத் தூக்குவதா, அடுப்பைத் தூக்குவதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கட்டையை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். இன்னொருமுறை மணந்து பார்த்தார்.

"கோடா காணாது" என்றார்.

கோடா என்பது சுருட்டு சுற்றுமுன் புகையிலையில் தெளிக்கும் சாறு; அது போதாதாம். சுருட்டுக்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் மணத்திலேயே அதன் அளவு தெரியும்.

"அப்பா எண்டால் இன்னும் கொஞ்சம் ஊறவிட்டிருப்பார்" என்று சொன்ன சொர்ணமக்கா, அதற்குப் பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மாமியின் முகத்தில் விளக்கு எரிந்தது. "அப்ப கொப்பரின்ர வியாபாரம்…"

"சுருட்டுக்கடை. சத்தம் போடாதேங்கோ, ஆச்சி."

மாமி சுவரைப் பார்த்தார். முகட்டைப் பார்த்தார். தூணை ஒருமுறை தட்டிப் பார்த்தார். "நல்ல உறுதியான சுருட்டாத்தான் இருந்திருக்க வேணும்" என்றார்.

சொர்ணமக்கா சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்தபடியே அந்தச் சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். "பின்படியில இருந்து பிடியுங்கோ. விளக்கு வைக்கிற நேரம் மட்டும் வேண்டாம்." நான் கதவடிக்குப் போய்ப் பையை அவிழ்த்தேன்.

அடுத்த கிழமை பின்படியில் பேப்பரில் சுற்றிய சுருட்டுக் கட்டு ஒன்று இருந்தது. கோடா கூடியது. யார் வைத்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. மாமி எங்களோடேயே தங்கிவிட்டார். மற்றப் பிள்ளைகளும் அந்த மடியிலேயே வளர்ந்தார்கள்.

இப்போது அந்த வீடு இல்லை. இடித்து மாடி மாடியாகக் கட்டிவிட்டார்கள். பின்படி இருந்த இடத்தில் லிஃப்ட் ஏறி இறங்குகிறது. சொர்ணமக்காவும் இல்லை. தெற்கே மாத்தறைப் பக்கம் அந்தச் சுருட்டுக்கடைகளும் இல்லையாம். இந்த வீட்டில் புகைந்தால் முகட்டில் ஒரு பெட்டி கத்துகிறது, அதற்குச் சந்தனமும் தெரியாது, சுருட்டும் தெரியாது.

சுங்கான் எங்கே என்று கேட்கப் போகிறாய், தெரியும். மாமியோடு போய்விட்டது. வாய்க்கரிசி போட்ட பிறகு எல்லோரும் பெட்டிக்குள் சந்தனக் குச்சி வைத்தார்கள். நான் சேலைத் தலைப்பால் மூடிச் சுங்கானைக் கொண்டுபோனேன். சொர்ணமக்கா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வெறும் குழியாவோ அனுப்புறாய்?" என்றார் காதுக்குள். தன் மடியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்து உதிர்த்து, பெருவிரலால் அளவாக அமத்தித் தந்தார். கண்ணீர் விழுந்து நனைந்துவிடாமல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் அமத்தினார்.

பெண்கள் நாங்கள் கனத்தைச் சுடலைக்குப் போகவில்லை. போய் வந்த அயலட்டை ஆண்கள் முற்றத்தில் கால் கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டார்கள், முதலில் நல்ல சந்தனம் மணந்தது, பிறகு என்னவோ சுருட்டு மாதிரி மணந்ததே, அது என்ன என்று. சீலாவதி அக்காவும் மதிலடியில் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"அது ஒண்டுமில்லை" என்றேன். "மாமி போன உடனேயே பூசைக்கு இருந்திட்டா போல."