விருப்பமில்லை என்று எழுதாதவர்

1936 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை. எட்டே முக்காலுக்குப் பள்ளி அலுவலகத்தைத் திறந்தேன். வருகைப் பதிவேடுகளை வகுப்புகளுக்கு அனுப்பிவிட்டு, பள்ளியிலிருந்து மேட்டூர் அணையைப் பார்க்கப் போகும் பயணத்தில் சேராத பிள்ளைகளின் தகப்பன்மாரிடம் அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்க உட்கார்ந்தேன். வந்தவர்கள் ஒன்றும் கேட்காமல் போட்டுவிட்டுப் போனார்கள்.

மதியத்துக்கு மேல் நெசவாளர் ஒருவர் வந்தார். புருவமெல்லாம் பஞ்சுத்தூசு. எந்தக் காகிதத்தையும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்பவர். அவர் மகனுக்குப் பள்ளிச் சம்பளத்தில் பாதி தள்ளுபடி.

“அணை பாக்கப் போறதுக்கும் தள்ளுபடி உண்டுங்களா, சாமி?”

“அது கட்டாயமில்லீங்க, அதனால தள்ளுபடியும் இல்லை. இஷ்டப்பட்டவங்க ஒண்ணேகால் ரூபா கட்டோணும். இல்லைன்னா இதுல கையெழுத்துப் போடுங்க.”

“படிங்க.”

“என் மகனுக்கு இந்தப் பயணத்தில் செல்ல விருப்பமில்லை.”

“இன்னொருக்கா படிங்க.”

படித்தேன்.

“ஒரு வாரமா அணையப் பத்தியேதானுங்க பேசறான். விருப்பமில்லைன்னு எப்படிங்க போடறது? எங்கிட்டக் காசில்லைன்னு எழுதுங்க, இப்பவே போடறேன்.”

“அப்படி ஒரு தாள் அச்சடிக்கலீங்களே.”

“அதைத்தானுங்க மொதல்ல அச்சடிச்சிருக்கோணும். எங்க தெருவுக்கே வேணும்” என்று சிரித்தார். தாளை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்சமும் கோபப்படாமல் அவர் போனது எனக்கு இன்றும் விளங்கவில்லை. அந்த வாசகத்தை எழுதி அச்சுக்குக் கொடுத்தவன் நான்தான்.

மறுநாள் காலை முதல் வேலையாக, கையெழுத்தில்லாத அந்தத் தாளைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்தேன். “பையனுக்கு விருப்பம் உண்டு, தகப்பனிடம் பணம் இல்லை. இதைப் போகிறவர்கள் கட்டோடு சேர்க்கட்டுமா, விருப்பமில்லாதவர்கள் கட்டோடு சேர்க்கட்டுமா?” என்று கேட்டேன்.