பட்டணத்துக்கு வழி கேட்டவர்கள்

என் கடை ஸ்ரீவில்லிபுத்தூரில் சிவகாசிச் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் இருந்தது. சீப்பு, கண்ணாடி, பாசிமணி, ஊதுவத்தி விற்கிற சின்னக் கடை. எங்கள் பக்கத்துக்கு அப்போது ரயில் வரவில்லை. சென்னப்பட்டணம் போகிறவர்கள் மாட்டு வண்டியில் சிவகாசி தாண்டிச் சாத்தூர் போய்த்தான் ரயில் பிடிக்க வேண்டும். அதனால் பட்டணம் கிளம்புகிற வண்டிகளெல்லாம் என் கடை வாசலைத் தாண்டித்தான் போகும்.

பஞ்சாங்கம் பார்க்காமல் படி இறங்காத ஜனங்கள். நல்ல நேரம் இன்றைக்கு, பயணம் நாளைக்கு என்றால், நல்ல நேரத்தில் ஒரு மூட்டையை மட்டும் வீட்டை விட்டு எடுத்துப்போய் இன்னொருவர் இடத்தில் வைத்துவிடுவார்கள். பரஸ்தானம் என்று அதற்குப் பெயர். மூட்டை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு. போகிற திசையில் ஊர் எல்லையில் இருந்ததால் என் கடையிலேயே பாதி மூட்டைகள் கிடந்தன. ராவுத்தர் கடையில் பரஸ்தானமா என்று முதலில் முகம் சுளித்தவர்களும் உண்டு. பஞ்சாங்கத்தில் திசைதான் போட்டிருக்கிறது, சாதி போடவில்லை என்று கோயில் தெரு ஐயங்கார் ஒருவரே சொன்ன பிறகு அந்தப் பேச்சு அடங்கியது.

மூட்டை வைக்க வந்தவர்கள் சும்மா போவதில்லை. நான் பட்டணம் போய் வந்தவன். எங்கே இறங்குவது, எங்கே தங்குவது, எதை நம்புவது என்று கேட்டுத் துளைத்துவிடுவார்கள். என் வீட்டுக்காரிக்கு வயிற்றில் கட்டி கண்டு, அங்குள்ள பெரிய ஆசுபத்திரியில் காட்டக் கூட்டிப்போனேன். தனியாகத் திரும்பி வந்தேன். இது ஊருக்கே தெரியும். ஆனால் இதை மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. மூட்டை கிளம்பிய பிறகு அதன் பக்கத்தில் கெட்ட சொல் விழக்கூடாது என்பது வழக்கம். என் கடையிலோ எப்போதும் யாருடைய மூட்டையாவது கிடக்கும்.

கேட்காததில் எனக்கு வருத்தமில்லை. எனக்கும் உள்ளே ஒன்றும் தோன்றவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல அவளை அவ்வப்போது நினைத்துப் பார்ப்பேன். வலிக்காது. சரி என்று அடுத்தவருக்கு ஊதுவத்தி மடித்துக் கொடுப்பேன்.

ஆகவே புத்தி சொன்னேன். ரயிலில் இஞ்சினுக்குப் பக்கத்துப் பெட்டியில் ஏறாதீர்கள், கரித்தூள் கண்ணில் விழும். எழும்பூரில் இறங்கியதும் ஜட்காக்காரன் உங்கள் பெட்டியைப் பிடுங்குவான்; கூலி பேசி முடிக்கிறவரை பெட்டியை விடாதீர்கள். 'நம்ம ஊர்ப் பக்கமா நீங்க?' என்று சிரித்துக்கொண்டு வருகிறவன் எந்த ஊர்க்காரனும் இல்லை. சத்திரத்தில் படுத்தால் செருப்பைத் தலைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் குடித்தால் குடல் அழுகிவிடும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பித்தளைக் குடத்தில் நிரப்பி வாயைத் துணியால் கட்டிச் சுமந்து போவார்கள். மதுரை வருமுன் குடம் சாய்ந்து பக்கத்தில் இருக்கிறவனின் படுக்கை நனையும். திருச்சிவரை சண்டை நடக்கும். குடத்தை விட்டுவிட்டுப் போங்கள் என்று தொண்டை வற்றச் சொன்னேன். ஒருவரும் விட்டுவிட்டுப் போகவில்லை.

ராஜபாளையத்துத் தெலுங்குக்காரர் ஒருவர், நில வழக்கு ஐகோர்ட்டுக்குப் போய்விட்டது, கிளம்ப வேண்டும் என்று வந்தார். துணைக்குத் தன் வேட்டை நாயையும் கொண்டுபோக யோசனை.

"ஏமய்யா ராவுத்தரே, நாய ரயில்ல ஏத்துவானா?"

"சீட்டு வாங்குனா ஏத்துவான். ஆனா ஐகோர்ட்டுல துரைமார் யாரும் கடிக்க மாட்டாவ. வக்கீலுதான் கடிப்பாரு. அவரு கடிக்கு நாய் என்ன செய்யும்?"

அவர் சிரித்துவிட்டு நாயை வீட்டில் விட்டுப் போனார். வழக்கு தோற்றது என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்கு நான் பொறுப்பில்லை.

எல்லோரும் கேட்பது ஒன்று உண்டு. பாடம் பண்ணின மிருகங்களை அடுக்கியிருக்கிற பெரிய கட்டடத்தைப் பட்டணத்தார் செத்த காலேஜ் என்பார்கள். உயிரோடு மிருகங்கள் திரிகிற தோட்டம் உயிர் காலேஜ். இரண்டையும் பார்க்காமல் திரும்பினால் பட்டணம் போனதாகவே எங்கள் ஊரில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எதை முதலில் பார்க்கலாம், எப்படிப் போகலாம் என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். நான் தெருத் தெருவாகச் சொல்வேன்.

எனக்கு இவ்வளவும் தெரிந்தது எப்படி என்றால், பெண்கள் படுத்திருக்கிற வார்டில் ஆண்களைச் சாயங்காலம் மட்டும்தான் உள்ளே விட்டார்கள். மற்ற நேரம் எனக்குப் போக இடமில்லை. நடந்தேன். கடற்கரை, ஐகோர்ட்டு, மூர்மார்க்கெட்டு, ஒன்றையும் விடவில்லை. சாயங்காலம் போய் அவளிடம் பார்த்ததைச் சொல்வேன். அவள் பட்டணத்தில் பார்த்ததெல்லாம் எழும்பூரிலிருந்து ஆசுபத்திரி போகிறவரை ஜட்காவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்ததுதான். டிராம் வண்டியைக் கண்டு, "மாடு எங்கங்க?" என்று கேட்டாள். கெட்டும் பட்டணம் சேர் என்கிறார்கள். நாங்கள் சேர்ந்தது அப்படி.

ஒரு நாள் காலையில் சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு வண்டி வந்து நின்றது. வண்டிக்குள் வைக்கோல் மேல் ஓர் இளம்பெண் படுத்திருந்தாள். அவளுடைய தாயும் புருஷனும் இறங்கி வந்தார்கள். முந்தின நாளே ஆள் மூலம் என் கடையில் வைத்த மூட்டையை எடுக்க வந்தவர்கள். மகளுக்கு வயிற்றில் கட்டி, பெரிய ஆசுபத்திரிக்குப் போகிறோம் என்றார் அந்த அம்மா. நான் வழக்கம்போலச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இஞ்சின், ஜட்கா, செருப்பு. அந்த அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு வண்டியை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ராவுத்தரே, மனசுல இருக்கதக் கேட்டுருதேன். அங்க இவளுக்கு ஏதும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, பொறவு நாங்க என்ன செய்யணும்?"

மருமகன் பதறிப்போனான். "மூட்ட இருக்க எடத்துல என்ன பேச்சு பேசுதிய அத்தே!"

"நீரு செத்த சும்மா இரும். தெரியாத ஊருல போயி முழிச்சுக்கிட்டு நிக்கவா? தெரிஞ்சவுககிட்ட கேட்டுக்கிடணும்."

நான் பதில் சொன்னேன். ஜட்காவுக்கு எப்படிக் கூலி பேசுவது என்று சொன்ன அதே குரலில்தான் சொன்னேன். ரயிலில் லேசில் ஏற்ற மாட்டார்கள், ஊருக்குக் கொண்டுவரலாம் என்று நினைக்க வேண்டாம். ஆசுபத்திரி வாசலில் வலிய வந்து பேசுகிற ஆட்களை நம்ப வேண்டாம். உடுத்தியிருந்த துணி, தோடு எல்லாம் எடுத்து வைத்திருப்பார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்கள் இருக்கிற தெருவை முதல் நாளே விசாரித்து வையுங்கள், தூக்க நாலு பேர் வேண்டும். என் குரல் நடுங்கவில்லை. அதைக் கவனித்தேன்.

அந்த அம்மா ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டார்.

"ஒம்ம வீட்டம்மாவ அங்கதான அடக்கம் பண்ணி வச்சிருக்கிய?"

"ஆமா."

"எந்த எடம்? ஆசுபத்திரிக்குத்தான போறேன். ஒரு எட்டுப் போயி, ஒரு செம்பு தண்ணி ஊத்திட்டு வாரேன். எம்புட்டு நாளா அவிய ஒத்தையில கெடக்காவளோ."

"ஆசுபத்திரி வாசல்ல எறங்குனதும்…" என்று ஆரம்பித்தேன்.

அதற்கு மேல் வரவில்லை. அன்று ஆசுபத்திரிக்குப் பக்கத்துத் தெருப் பள்ளிவாசலிலிருந்து முகம் தெரியாத ஆட்கள் வந்து அவளைத் தூக்கினார்கள். நான் பின்னால் நடந்தேன். எனக்கு முன்னால் போனவருடைய குதிகால் வெடித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இடது பக்கம் திரும்பினோமா, வலது பக்கமா, பாலம் ஒன்று வந்ததா, ஒன்றும் நினைவில்லை. மண் போட்ட பிறகு யாரோ என்னை ஜட்காவில் ஏற்றி எழும்பூருக்கு அனுப்பிவைத்தார்கள். அந்தப் பட்டணத்தில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் வழி சொல்லக்கூடிய தெருக்கள் எத்தனையோ. இது தெரியவில்லை.

அந்த அம்மா காத்திருந்தார். "அடையாளம் ஏதும் உண்டா? மரம், மட்டை?"

"தெரியலம்மா," என்றேன். "அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியல."

சொல்லி முடித்தபோதுதான் அவள் இனி வரமாட்டாள் என்பது எனக்கு விளங்கியது. சீப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உட்கார்ந்து, சாலையில் போகிறவர்கள் பார்க்க, வாய்விட்டு அழுதேன். கிளம்புகிற நேரத்தில் இப்படியா என்று மருமகன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான். வண்டியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டும் பார்த்தான். அந்த அம்மா போகவில்லை. நான் அழுது முடிக்கிறவரை கடைப்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.