பாகம் அளந்து பாய்ந்தவள்

அளம்பில் கடற்கரையில் லோறன்ஸின் மகள் நிரோசினி உயரம் பாய்வதைப் பார்க்கவென்றே சிலர் வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வேலியோரம் வந்து நிற்பார்கள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. சரசரவென்று ஓடி வருவாள், ஒரு காலை வீசுவாள், மற்றக் கால் தானாகப் பின்னால் போகும், குறுக்கே வைத்த தடி அசையாது. விழுவதற்குக் கடல் மணலும் அதன்மேல் குவித்த கிழிந்த வலைகளும்தான். மண்ணெண்ணெய்க்கே வரிசையில் நின்ற காலத்தில் மெத்தைக்கு எங்கே போவது?

அவளைப் பழக்கியவள் சிவரூபி, கனகராயன்குளத்திலிருந்து வந்த இளம் ஆசிரியை. படிக்கும்போது நல்ல ஓட்டக்காரி. வாய் கொஞ்சம் நீளம், மனம் தங்கம். பிள்ளையின் காலை, இடுப்பை, தலையை எல்லாம் கவனித்துத் திருத்தினாள். ஓட்டத்தை எங்கே தொடங்குவது என்பதை மட்டும் பிள்ளையிடமே விட்டுவிட்டாள்.

நிரோசினி மீன்காரன் மகளல்லவா, அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். கரையில் மீன்பிடிக் கொட்டிலான வாடியில் கிடக்கும் ஏதாவதொரு கயிற்றை எடுத்து வந்து, அப்பா அளப்பதுபோல இரண்டு கையையும் அகல விரித்துப் பாகம் பாகமாக அளந்து, முடிகிற இடத்தில் ஒரு சிப்பியை ஊன்றுவாள். ரீச்சர் மைதானத்துக்கு வருமுன்னரே அந்த வேலை முடிந்திருக்கும்.

தொண்ணூற்றெட்டு மாரியில் அவள் பெரியபிள்ளையானாள். அதோடு நெடுநெடுவென்று வளரவும் தொடங்கினாள். முதலில் கைதான் நீண்டது. மாரி முடிந்து மைதானம் காய்ந்தபோது தடி விழத் தொடங்கியது. போன வருடம் விளையாட்டாகத் தாண்டிய உயரத்தில் இப்போது தடியைத் தொடையால் இடித்துக்கொண்டு விழுந்தாள்.

"நீ பயப்படுறாய். வேகமா வா," என்றாள் சிவரூபி. வேகமாக வந்தாள், இன்னும் மோசமாக விழுந்தாள். முழங்கையெல்லாம் உரசல். தாய் எமில்டா அதைக் கண்டதும் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டா.

"ரீச்சர், குமர்ப்பிள்ளை. உந்த வலயப் போட்டிக்கு மட்டும் விடுறன். அதில ஒண்டும் எடுக்காட்டி இனிப் பாயவேண்டாம். குறை நினையாதேங்கோ."

சிவரூபிக்கும் நம்பிக்கை போய்விட்டது. "உனக்கு இப்ப கை நல்ல நீளம். இரும்புக் குண்டு போடு பிள்ளை," என்றாள்.

"நான் போடமாட்டன் ரீச்சர். உயரம்தான் பாய்வன்." அதுவரை எதிர்த்து ஒரு சொல் பேசாத பிள்ளை அது.

அடுத்த நாள் சிவரூபி வெள்ளனவே வந்துவிட்டாள். நிரோசினி கயிற்றோடு கையை விரித்து நின்றதை அப்போதுதான் முதன்முதலாகக் கண்டாள். கிட்டப் போய் அந்தக் கைகளையே பார்த்தாள்.

"பன்னிரண்டு வயசிலயும் உப்பிடித்தான் அளந்தனியே?"

"ஓம் ரீச்சர். அதே கணக்குத்தான்."

கணக்கு அதேதான். கை அல்லவா நீண்டுவிட்டது! சிப்பி பின்னால் பின்னால் போயிருந்தது, ஓடுகிற எட்டுகள் அதே எண்ணிக்கைதான், அவை அந்த அளவுக்கு நீளவில்லை. பிள்ளை தடிக்கு வெகு தூரத்திலேயே எழும்பி, தடிக்கு மேலேயே இறங்கிக்கொண்டிருந்தாள். சிவரூபிக்கு வெட்கமாகப் போய்விட்டது. பயந்தவள் என்று ஏசியது யாரை!

கயிற்றை வாடிக்கே அனுப்பினார்கள். தடியிருந்த இடத்திலிருந்து எதிர்ப்பக்கமாக ஓடச் செய்து, கால் போய் விழுகிற இடத்தில் சிவரூபி குந்தியிருந்து பார்த்துச் சிப்பியை ஊன்றினாள். அந்த இடமும் நிலைக்கவில்லை. பிள்ளை வளர்ந்துகொண்டே இருந்தாள். ஊன்றியதைப் பிடுங்கி மறுபடி ஊன்ற வேண்டியிருந்தது. நிரோசினி சலிக்கவில்லை. வளருகிற உடம்பைக் குறை சொல்லாமல், அது இன்றைக்கு எப்படி ஓடுகிறது என்று அதனிடமே கேட்கப் பழகினாள். பெரியவர்களுக்கே வராத பொறுமை அது.

புதுக்குடியிருப்பில் வலயப் போட்டி. எமில்டாவும் வந்து, பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப் போகிற முகத்தோடு நின்றா. இடம் பிடிக்கத் தாண்டவேண்டிய உயரத்தில் இரண்டு தரம் தடி விழுந்தது. மிச்சம் ஒரே ஒரு பாய்ச்சல்.

"அடையாளத்த மாத்தாத, அப்பிடியே வா," என்றாள் சிவரூபி.

நிரோசினி மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்தாள். அது இளக்கமான மண், கால் புதைந்து எட்டு குறுகியது. குனிந்து சிப்பியைப் பிடுங்கித் தடிப்பக்கமாகத் தள்ளி ஊன்றினாள். சிவரூபி சத்தம்போட வாயைத் திறந்தவள், திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவள் செய்த பயிற்றுவிப்பில் சிறந்தது அதுதான் என்று நான் சொல்வேன்.

நிரோசினி ஓடி வந்தாள். எழும்பினாள். தடி ஒருமுறை நடுங்கியது, விழவில்லை. இரண்டாம் இடம்.

எமில்டா ஆட்களை விலக்கிக்கொண்டு நேரே வந்தா. இரண்டாம் இடம் போதாது என்றுதான் சொல்லப்போகிறா என்று சிவரூபி நினைத்தாள்.

"மாவட்டப் போட்டி எப்ப ரீச்சர்?" என்று கேட்டா எமில்டா. "திகதிய வெள்ளனவே சொல்லுங்கோ. இவளின்ர தகப்பன் அண்டைக்குக் கடலுக்குப் போகக்கூடாது. அந்தாளும் வந்து பாக்கட்டும்."